உன் பேர் எழுதிய ஃபேன்

ஜனவரி 18, ஞாயிறு

கருப்பட்டி, பனியன் கம்பெனியில் இந்த வருஷமும் டைரி கொடுத்தார்கள். நீ இருந்திருந்தால் உனக்குத்தான் தந்திருப்பேன். இப்போது நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் இவ்வளவு எழுதுவதே பெரிது.

ஆட்கள் முன்னால் உன்னை ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிட்டேன். கருப்பட்டி என்பது நம் இரண்டு பேருக்குள் இருந்த பேர். உன் போட்டோ முன்னால் நின்று அந்தப் பேரைச் சொல்லிப் பேசினால், “யாருகிட்டம்மா பேசறே?” என்று சுபி அடுப்படியிலிருந்து கேட்டுவிடுகிறாள். முணுமுணுத்தாலும் அவளுக்குக் கேட்டுவிடுகிறது. அதனால்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

பொங்கல் லீவு விடுவதற்கு முந்தின நாள் ஜெசிந்தா டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார். சுபியின் இரண்டாம் வகுப்புக்கு அவர்தான் டீச்சர், பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மிஸ்ட்ரஸும் அவர்தான். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். சுபி பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லையாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பக்கத்துப் பிள்ளையின் முகத்தையே பார்க்கிறாளாம். அப்பா போன ஏக்கம், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவைத்தாராம். யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கடைசி பெஞ்சில் ஃபேன் அடியில் காற்றாட உட்கார வைத்தாராம். அப்படியும் சரியாகவில்லை. டவுனில் மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம். அங்கேயே தங்க வேண்டும், லீவுக்கு மட்டும் வீட்டுக்கு வரலாம். யோசித்துப் பங்குனிக்குள் சொல்லச் சொன்னார்.

எழுந்து வரும்போது ஹாலுக்குள் எட்டிப் பார்த்தேன். உன் ஃபேன் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

அது உனக்குத் தெரியாது இல்லையா. நீ ஐப்பசியில் போனாய். கார்த்திகையில் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் திறந்தார்கள். மேலே தகர ஷீட், சுவரில் ஆள் உயரத்துக்கு வழுவழு டைல்ஸ். ஊரே மேளம் வைத்துக் கல்விச் சீர் கொண்டுபோனது. கல்யாணச் சீர் மாதிரியே தட்டு, குத்துவிளக்கு, இரும்பு பெஞ்சு, பீரோ எல்லாம். நீ வண்டி ஓட்டிய டெம்போ ஸ்டாண்ட் ஆட்கள் உன் நினைவாக இரண்டு பெரிய சுவர் ஃபேன் வாங்கி, மாலை போட்டுத் தூக்கிவந்தார்கள். இரண்டிலும் சிவப்புப் பெயிண்டில் ‘அமரர் சென்னியப்பன் நினைவாக, உபயம்: டெம்போ ஸ்டாண்ட் நண்பர்கள்’. சுபி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா.

ஜனவரி 19, திங்கள்

வேலை. ராத்திரிக்கு ரசம் மட்டும். சுபி வாய்ப்பாடு ஒப்பித்தாள். நான் தப்பாகச் சொன்ன இடத்தில் திருத்தினாள்.

ஜனவரி 22, வியாழன்

நல்ல தண்ணி வந்தது. டிரம்மைத் தேய்த்துக் கழுவிப் பிடித்தேன். கம்பெனிக்கு லேட்.

நசீமா அக்காவுக்குத்தான் நான் இன்னும் கைமடி. அவர் தைப்பார், நான் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுத்துப் பிசிர் வெட்டுவேன். இன்று கை ஓடவில்லை. “எத்தன வாட்டிடி சொல்றது, சைஸ் லேபிள எடுன்னு,” என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. வேறு யாரும் அப்படிச் சொல்வதில்லையாம்.

மத்தியானம் சாப்பிடும்போது சுபி விஷயத்தைச் சொன்னேன். அக்கா, மந்திரிக்கக் கூட்டிப்போகலாமா என்று கேட்டார். பிறகு அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு நினைப்பு வந்து வந்து போகிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். என்னைப் பள்ளிக்கூடத்தில் மண்ணு மண்ணு என்றுதான் கூப்பிட்டார்கள். வாத்தியார் என்ன சொன்னார் என்று ஒருநாளும் முழுசாகப் பிடிபட்டதில்லை. சுபிக்கு உன் நிறமும் உன் வாயும் வந்தன. மூளையும் உன்னுடையதே வந்திருக்கக் கூடாதா?

ஜனவரி 28, புதன்

இன்று நடந்ததை முழுசாக எழுத வேண்டும்.

சுபியைப் பற்றி எழுதிக்கொள்ள ஷர்மிளா மேடம் என்று ஒருவர் வந்திருந்தார். குறை உள்ள பிள்ளைகளுக்கான டீச்சர், ஊர் ஊராகப் போகிறவர். அம்மாவும் வர வேண்டும் என்றதால் அரை நாள் லீவு போட்டேன். என்னையும் கடைசி பெஞ்சில் சுபி பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். சுபிக்கு மறுபக்கம் சஸ்மிதா என்று ஒரு ஒடிசா பிள்ளை. அவள் அப்பா அம்மா எதிர்க் கம்பெனியில் வேலை. தமிழ் இன்னும் வரவில்லை, வாயே திறப்பதில்லை என்றார்கள்.

ஒரே ஹாலில் இந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு, அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு. அங்கே பாட்டு, இங்கே கணக்கு. ஒரு பிள்ளை எழுந்தால் இரும்பு பெஞ்சு தரையில் கிறீச்சென்று இழுபடுகிறது. தலைக்கு மேலே உன் ஃபேன். ஜெசிந்தா டீச்சரின் வாய் அசைகிறது. பாதியை ஃபேன் எடுத்துக்கொள்கிறது. மீதி சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த பேச்சோடு கலந்துவிடுகிறது. எனக்கும் ஒன்றும் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு என்றைக்குமே எதுவும் புரிந்ததில்லை என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுபி டீச்சரைப் பார்க்கவேயில்லை. முன்னால் இருக்கும் பிள்ளைகள் நோட்டை எடுத்தால் இவளும் எடுத்தாள், மூடினால் இவளும் மூடினாள். எழவு வீட்டில் சடங்கு தெரியாதவர்கள் பக்கத்து ஆளைப் பார்த்துச் செய்வார்களே, அந்த மாதிரி.

அப்போது கரண்ட் போயிற்று. மாதாமாதம் லைன் வேலைக்கென்று நிறுத்துவார்களே, இன்று அந்த நாள். ஃபேன் நின்றது. புழுக்கத்தில் மூன்றாம் வகுப்பை வேப்பமரத்தடிக்கு ஓட்டிப்போனார்கள். ஹால் திடீரென்று நம் வீடு மாதிரி ஆயிற்று.

ஜெசிந்தா டீச்சர் கணக்கை விட்ட இடத்திலிருந்து கேட்டார். ஒரு கூடையில் எட்டு மாம்பழம், மூன்று அழுகிப்போயிற்று, மீதி எத்தனை? என் பக்கத்தில் ஒரு குரல் வந்தது.

“அஞ்சு டீச்சர். அழுகினதுலயும் பாதிய அரிஞ்சு போட்டுட்டுத் திங்கலாம். எங்கப்பா அப்புடித்தான் திம்பாரு.”

பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. டீச்சர் சிரிக்கவில்லை. சுபியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இன்னொரு கணக்கு கேட்டார். அதற்கும் சொன்னாள். ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் சொன்னாள்.

கரண்ட் வந்தது. ஷர்மிளா மேடம் சுபிக்குப் பின்னால் போய் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். சுபி திரும்பவில்லை. மேடம் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு நடு ஹாலில் ஒரே ஒரு தடவை கை தட்டினார். அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடி அடங்க நேரமாயிற்று.

“டீச்சர், எனக்கென்னமோ இது புள்ளையோட மந்தம்னு தோணல. இந்த ரூம்ல பெரியவங்களுக்கே சரியாக் கேக்காது. மொதல்ல காதப் பாத்துருவோம்.”

ஜெசிந்தா டீச்சர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இந்த ஹாலுக்கு வந்ததிலிருந்து தினமும் தொண்டை கட்டிக்கொள்கிறதாம். பனியினால் என்று நினைத்திருந்தாராம்.

ஜனவரி 30, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரி. சுபியைக் கண்ணாடி அறைக்குள் வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும். வலது காதுக்குத் தூக்கிக்கொண்டே இருந்தாள். இடது காதுக்கு மாற்றியதும் கை மடியிலேயே கிடந்தது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இடது காது ரொம்ப மட்டம், பிறந்ததிலிருந்தே இருக்கும். வலது நன்றாக இருப்பதால் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. இரைச்சலும் எதிரொலியும் இருக்கிற இடத்தில் ஒரு காதை வைத்துக்கொண்டு பேச்சைப் பிரித்து எடுப்பது கஷ்டம். புள்ளை புத்திசாலி, மூளையில் ஒரு குறையும் இல்லை. காதுக்கு மிஷின் வைக்கலாமா என்று பிறகு பார்க்கலாம், ஆனால் அது இரைச்சலையும் சேர்த்துத்தான் கூட்டும், முதலில் வகுப்பறையைச் சரிசெய்யச் சொல்லுங்கள் என்றார்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது காது கேட்காதா என்று கேட்டார். இரண்டாவது தடவை கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. யாருக்கும் இல்லை என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். துக்கமில்லை, கருப்பட்டி. மூளையில் ஒரு குறையும் இல்லை என்று அந்தம்மா சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. சுபி பயந்துபோய் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் ஒன்று வாங்கினேன். நீ போனபிறகு கடையில் நின்று நான் தின்றது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 2, திங்கள்

ஜெசிந்தா டீச்சரிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஷர்மிளா மேடத்திடம் போனில் பேசிவிட்டு என்னென்ன செய்யலாம் என்று சொன்னார். சுபியை முன் பெஞ்சில், வலது காது டீச்சர் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார வைக்கலாம். மூன்றாம் வகுப்பைப் பழைய ஆபீஸ் ரூமுக்கு மாற்றலாம். பெஞ்சுக் காலில் ரப்பர் மாட்டலாம். டைல்ஸ் சுவரைத் தடித்த துணியால் மூடினால் எதிரொலி குறையும். கூரைமேல் தென்னங்கீற்று வேய்ந்தால் சூடும் குறையும், மழை தகரத்தில் அடிக்கிற சத்தமும் குறையும்.

அப்புறம் மேஜைமேல் இருந்த சாக்பீஸை எடுத்து எடுத்து வைத்தார். என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“மத்ததெல்லாம் செஞ்சாலும் அந்த ரெண்டும் ஓடுனா பிரயோஜனம் இல்லையாம் கலாமணி. உங்க வீட்டுக்காரர் நினைவா வெச்சது. நானா எப்படிக் கழட்டச் சொல்றது?”

நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. வேலைக்குப் போனேன், வந்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

துணி துவைத்தேன். உன் நீலச் சட்டை இன்னும் கொடியில்தான் தொங்குகிறது, துவைக்க வேண்டிய அவசியமே இல்லாமல்.

முன் பெஞ்சுக்கு மாற்றியும் சுபிக்கு ஃபேன் ஓடும்போது பாதிதான் கேட்கிறதாம். டீச்சர் நிறுத்தினால் மற்ற பிள்ளைகள் வேர்த்து ஊற்றி அழுகின்றன. போட்டால் இவளுக்குப் பாடம் போகிறது. தலைவலி என்று தினமும் சுருண்டு படுக்கிறாள். இப்படியே போனால் அந்தத் தங்கும் பள்ளிக்கூடம்தான். ஒரு காதும் மூளையும் நன்றாக இருக்கிற பிள்ளை, உன் பேர் எழுதிய ஃபேனுக்காக என்னை விட்டுப் போக வேண்டியிருக்கும்.

துரைசாமி அண்ணனைக் கூப்பிட்டனுப்பினேன். ஸ்டாண்டில் உன் வண்டிக்கு அடுத்த வண்டிக்காரர், ஃபேனுக்கு முன்னால் நின்று ஏற்பாடு செய்தவர். டீ கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏனம்மிணி, செத்தவன் பேரக் கழட்டிக் கீழ எறக்குனா ஊரு என்ன பேசும்? அதுலயும் பொண்டாட்டியே எறக்கச் சொன்னான்னு?”

எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும், ஆளை அனுப்புகிறேன் என்றார். மெதுவாக ஓடவிடலாம் என்றார். ரெகுலேட்டரை எதில் வைத்தாலும் ஐந்தில்தான் ஓடுகிறது என்றேன். அதையும் மாற்றுகிறேன் என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்.

“அண்ணா, நீங்க ஒருக்கா அந்த பெஞ்சுல உக்காந்து பாருங்க. உக்காந்துட்டு, அப்பறமும் இருக்கட்டும்னா இருக்கட்டும்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். டீயையும் குடிக்கவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

துரைசாமி அண்ணன் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். எண்ணெய்க் கேனும் எலக்ட்ரீசியனுமாகத்தான் போனாராம். எண்ணெய் விட்டதும் கிறீச் சத்தம் மட்டும் நின்றது, காற்று இரைச்சல் அப்படியே இருந்தது, ரெகுலேட்டரை மாற்றி மெதுவாக விட்டால் காற்றே வரவில்லை. சரி பார்ப்போம் என்று சுபி முன்பு உட்கார்ந்த கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார். ஜெசிந்தா டீச்சர் அவர் கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்து, பிள்ளைகளோடு சேர்ந்து நான் சொல்வதை எழுதுங்கள் என்றாராம்.

பத்து வார்த்தை சொன்னதில் அண்ணன் எழுதியது நாலு. அதில் இரண்டு சஸ்மிதா சிலேட்டைப் பார்த்து எழுதியது. அது இரண்டும் தப்பு.

மீதியை ஜெசிந்தா டீச்சரே சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னார். அண்ணன் எழுந்து ஃபேன் அடியில் போய் நின்று, உன் பேரை அண்ணாந்து பார்த்தாராம்.

“ஏன்டா சென்னி, உசுரோட இருந்தப்பதான் ஸ்டாண்டுல ஒருத்தனப் பேச விட மாட்டே. இப்பவும் விட மாட்டியா?”

சொல்லிவிட்டு அவரே சுவிட்சை அணைத்தாராம். துண்டால் முகத்தைத் துடைத்தாராம்.

டீச்சர் இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. டீச்சரும் சிரித்தார். சுபி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. நல்ல வலி.

ஸ்டாண்ட் ஆட்கள் கூரைமேல் கீற்று வேய்ந்தார்கள். சைக்கிள் டியூபை வெட்டி பெஞ்சுக் கால்களில் மாட்டினார்கள். மூன்றாம் வகுப்பு போன பழைய ஆபீஸ் ரூம் ஓடு போட்டது, ஃபேன் இல்லாமலே குளிர்ச்சி, அதனால் அங்கே இருந்த சத்தமில்லாத சீலிங் ஃபேன்கள் இரண்டும் ஹாலுக்கு வந்தன. கம்பெனியில் குளிருக்குப் போடுகிற பனியன் தைப்போமே, உள்ளே பஞ்சாக இருக்கும் துணி, அதில் கலர் மாறிப்போன ரோல் கிடந்தது. மேனேஜரிடம் நசீமா அக்கா கேட்டு வாங்கினார். நான்கு மடிப்பாகப் போட்டு மெத்தை மாதிரி அவர் தைத்தார், நான் கைமடி. சுவரெல்லாம் இப்போது பச்சையும் ஆரஞ்சுமாக இருக்கிறது.

இதையும் சீர் என்று தட்டில் வைத்து மேளத்தோடு கொண்டுபோக வேண்டும் என்றார் துரைசாமி அண்ணன். வேஸ்ட் துணியைத் தாம்பாளத்தில் வைத்தால் சிரிப்பார்கள் என்றார் அவர் வீட்டுக்காரம்மா. புருஷனும் பொண்டாட்டியும் அரை மணி நேரம் சண்டை. கடைசியில் மேளம் இல்லாமல், தட்டில் நாலு வாழைப்பழம் மட்டும் வைத்து எடுத்துப் போனோம். துணியில் உபயம் என்று யார் பேரை எழுதுவது என்று பெயிண்டர் கேட்டான். யார் பேரும் வேண்டாம் என்றேன். பேர் இல்லாமல் ஒரு பொருளைக் கொடுப்பதா என்று அண்ணனுக்குத் தாங்கவில்லை. மெத்தைக்குப் பின்பக்கம், சுவரைப் பார்க்கிற மாதிரி எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். நிஜமாகவே எழுதிவிட்டார்.

உன் ஃபேன்கள் சத்துணவுச் சமையலறைக்குப் போய்விட்டன. ஆயா புகையில் இருமிக்கொண்டே சமைத்துக்கொண்டிருந்தார், இப்போது கும்பிடுகிறார். சோறு வேகிற இடத்தில் உன் பேர். உனக்கும் அதுதான் பிடிக்கும்.

பிப்ரவரி 19, வியாழன்

ஜெசிந்தா டீச்சர் என்னைப் பள்ளிக்கூட வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே மெதுவாக ஒரு கேள்வி கேட்டாராம். சுபி பதில் சொன்னாளாம், அதோடு டீச்சர் எழுதியதில் ஒரு துணைக்கால் விட்டுப்போனதையும் சொன்னாளாம். சஸ்மிதா நேற்று “தண்ணி குடிக்கப் போகட்டுமா டீச்சர்” என்று முழுசாகக் கேட்டிருக்கிறாள். இத்தனை நாள் அந்தப் பிள்ளைக்கும் தமிழ் காதில் விழவேயில்லை போலிருக்கிறது என்றார் டீச்சர்.

“டவுன் பள்ளிக்கூடத்துப் பேச்ச நான் எடுத்ததே தப்பு. அவ இங்கயே படிக்கட்டும், கலாமணி.”

வரும் வழியெல்லாம் சுபி பேசிக்கொண்டே வந்தாள். வாயை மூடு என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

மறுபடியும் ஆஸ்பத்திரி. சுபிக்குக் காது அப்படியேதான் இருக்கிறதாம், ஆறு மாசம் கழித்து வந்தால் போதும். கிளம்பும்போது, கூட வந்திருந்த ஷர்மிளா மேடம் என்னை நிறுத்தி, அம்மாவும் ஒரு தடவை உட்காருங்கள் என்றார். எனக்கு எதற்கு என்றேன். சும்மாதான் என்றார். அங்கே வந்ததிலிருந்து நான் எல்லோரிடமும் முகத்தை ஒரே பக்கமாகத் திருப்பித்தான் பேசுகிறேனாம்.

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தேன். வெளியே சுபி எனக்குக் கை காட்டிச் சிரித்தாள். வலது காதில் குருவி கத்துகிற மாதிரி சின்னச் சின்னச் சத்தம், கை தூக்கினேன். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மிஷினை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து ஹெட்போனைக் கழற்றப் போனேன். மேடம் வேண்டாம் என்று சைகை காட்டினார். இடது காதில் சத்தம் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்.

சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. எனக்கு அழுகை வரவில்லை. தலையில் வெகுநாளாகச் சுமந்த தண்ணிக் குடத்தை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நான் மண்ணு இல்லை, கருப்பட்டி. இந்த முப்பத்திரண்டு வயதில் தெரிகிறது.

வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒன்று ஒன்றாக நினைவு வருகிறது. நடந்து போனால் நீ என் வலது பக்கம் வந்துவிடுவாய், சாக்கடை அந்தப் பக்கம் இருந்தாலும். பாயில் வலது பக்கம்தான் படுப்பாய். சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்த பிறகுகூட எழுந்து இடம் மாறினாய், பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். சுபியைப் படிக்க வைக்கும்போது இடது தொடையில் உட்கார வைத்து, அவள் வலது காதோடுதான் பேசுவாய். ஏனுங்க எப்பவும் என் வலது பக்கமே வர்றீங்க என்று ஒரு தடவை கேட்டேன். இந்தப் பக்கம்தான் காத்து நல்லா வருது என்றாய்.

காற்றுக்காகத்தானா வந்தாய், கருப்பட்டி?